மாற்றிவிடும் விசைப்பலகை

விளம்பரக்காரர்களுக்கு மிகவும் பிடித்த வினைச்சொற்களில் 'மாற்றிவிடும்' என்பது ஒன்று. கறுத்த மேனியைச் சிவந்த மேனியாக மாற்றிவிடும் என்று களிம்பு விற்றவர்களிடமிருந்து அதைக் கடனாக வாங்கி, இப்போது மின்சாதனம் விற்கிறவர்கள் உபயோகிக்கிறார்கள். "இந்தக் கம்பியில்லா விசைப்பலகையை வாங்குங்கள், உங்கள் டாப்லெட்டை இது லாப்டாப்பாக மாற்றிவிடும்" என்கிறார்கள். ஒரு நாவலை விமரிசனம் செய்ய உட்காருகிறவன் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. இது என்ன செய்ய முற்படுகிறது? முற்பட்டதைச் செய்திருக்கிறதா? செய்யத் தகுந்த காரியம்தானா அது? இந்த மூன்று கேள்விகளையும் ஒரு விசைப்பலகையிடம் கேட்பது இலக்கிய விமரிசகனுக்குக் கௌரவக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. எழுத்தாளனின் பேனாவைப் பற்றி எழுத்தாளன் பேசாமல் வேறு யார் பேசுவது?

விஷயம் அற்பமானது என்று சொல்லிவிடவும் முடியாது. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்தபோது குழந்தைகளின் பாடத்துக்காக நம் வீடுகளில் கடன் வாங்கியாவது டாப்லெட்டுகள் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, பலகை அலமாரியில் இருக்கிறது. ஓய்வு பெற்ற தாத்தா தம் ஊர்க் கதையை எழுத ஆசைப்படுகிறார். கல்லூரிக்குப் போகும் பெண் கட்டுரை எழுத வேண்டும். புதிதாக ஒரு லாப்டாப் வாங்க வேண்டுமானால் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் ஆகிறது. விசைப்பலகையோ இரண்டாயிரம் மூவாயிரத்துக்குக் கிடைக்கிறது. "இரண்டாயிரத்தில் காரியம் ஆகும்போது நாற்பதாயிரம் எதற்கு?" என்று கேட்கிற குடும்பத்துக்குச் சரியான பதில் சொல்ல வேண்டும். பதில் தவறாகிவிட்டால் இரண்டாயிரம் ரூபாய் மட்டும் நஷ்டமில்லை. எழுதவேண்டும் என்ற ஆசையும் அலமாரிக்குள் போய்விடும்.

முதலில் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். கையில் எடுத்துப்போய் எழுதுவதற்கென்று 1983-ல் அமெரிக்காவில் ஒரு யந்திரம் வந்தது. டி.ஆர்.எஸ்-80 மாடல் 100 என்று பெயர். அதன் திரையில் எட்டே வரிகள்தான் தெரியும். வரிக்கு நாற்பது எழுத்து. கடையில் கிடைக்கிற நாலு பாட்டரிக் கட்டைகளில் ஓடியது. இன்றைய கண்ணுக்கு அது பொம்மை. ஆனால் அதிலிருந்த விசைகள் முழு அளவில், அழுத்தமாக இருந்தன. பத்திரிகை நிருபர்கள் அதை விரும்பி வைத்துக்கொண்டார்கள். மைதானத்திலிருந்தும் ஹோட்டல் அறையிலிருந்தும் செய்தியைத் தட்டித் தொலைபேசி வழியே அனுப்பினார்கள். எழுதுகிறவனுக்குத் திரை இரண்டாம் பட்சம், விசைதான் முதல் என்பதற்கு அது நல்ல சாட்சி.

2010-ல் ஐபாட் வந்தபோது நிலைமை தலைகீழாயிற்று. திரைதான் எல்லாம், விசை என்பதே திரைமேல் தோன்றி மறையும் படம். படிக்கவும் பார்க்கவும் அது அற்புதமான சாதனம். செய்தவர்களும் அதை லாப்டாப் என்று சொல்லவில்லை. கைப்பேசிக்கும் லாப்டாப்புக்கும் நடுவே உள்ள மூன்றாவது ஜாதி என்றுதான் அறிமுகப்படுத்தினார்கள். ஆனால் அதே ஆண்டில் அதே கம்பெனி அதற்கென்று ஒரு விசைப்பலகையையும் விற்றது. பலகையை அதில் செங்குத்தாகத்தான் நிறுத்தலாம். படுக்கைவாட்டில் வைக்க வழியில்லை. 2012-ல் மைக்ரோசாப்ட் தன் சர்ஃபேஸ் பலகையைப் பின்னால் ஒரு காலும், முன்னால் மூடியாகவும் மடியும் விசைகளும் வைத்து வெளியிட்டது. 2015-ல் ஐபாட் ப்ரோவுக்கு விசையுள்ள உறை வந்தது. 2020-ல் அதே ஐபாடுக்கு, விரலால் தடவி அம்புக்குறியை நகர்த்தும் டச்பேடும் சேர்த்து இன்னொரு விசைப்பலகை வந்தது. 2024-ல் அதன் மேல்வரிசையில், அதுவரை இல்லாமலிருந்த செயல்விசைகளும் ஏறின.

இந்த வரிசையைக் கவனித்தால் ஒன்று புலப்படும். விரல் ஒன்றே போதும் என்று தொடங்கியவர்கள், விசை வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு சாய்வு வேண்டும் என்று ஒப்புக்கொண்டார்கள். பிறகு அம்புக்குறி வேண்டும் என்றும் ஒப்புக்கொண்டார்கள். லாப்டாப்பை ஒவ்வோர் உறுப்பாகத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கப் பதினான்கு வருஷம் ஆயிற்று. அப்படியானால் லாப்டாப் என்பது விசை மட்டுமல்ல என்பது அவர்கள் வாயாலேயே வந்துவிட்டது. விசைப்பலகையை மட்டும் வாங்கிவிட்டு டாப்லெட் மாறிவிட்டது என்று நினைப்பவர், முதல் அத்தியாயத்தைப் படித்துவிட்டு நாவல் முடிந்தது என்று நினைப்பவர்.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் இந்த 'மாற்ற'த்தை எனக்குச் செய்து காட்டினார் ஒரு பையன். "சார், பாருங்க. மாட்டினா லாப்டாப், கழட்டினா டாப்லெட்" என்று ஒரு நொடியில் மாட்டிக் கழற்றினார். கண்ணாடி மேஜைமேல் அது கம்பீரமாகத்தான் நின்றது. "தம்பி, இதை மடியில் வைத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். "மடியில எதுக்கு சார்? டேபிள்ல வெச்சுக்கலாமே" என்றார். நல்ல பையன், உண்மையை அவரே சொல்லிவிட்டார். லாப்டாப் என்ற பெயரிலேயே மடி இருக்கிறது. அதைத் தமிழில் மடிக்கணினி என்கிறோம். மடியில் நிற்காத மடிக்கணினி என்ன மடிக்கணினி?

அது ஏன் நிற்பதில்லை என்பதற்கு எளிமையான காரணம் உண்டு. லாப்டாப்பில் பாட்டரி, மூளை எல்லாம் விசைகளுக்கு அடியில் இருக்கின்றன, கனமெல்லாம் கீழே. திரை இலேசானது. டாப்லெட்டிலோ பாட்டரியும் மூளையும் திரைக்குப் பின்னாலேயே அடங்கியிருக்கின்றன, கனமெல்லாம் மேலே. மெல்லிய விசைப்பலகையோடு அதைக் கீல் வைத்து இணைத்தால் தலைகனத்த பிள்ளையைப்போலப் பின்னால் சாய்ந்துவிடும். இதைத் தடுக்க இரண்டே வழி. பலகைக்குப் பின்னால் கால் கொடுக்கலாம். அப்போது மேஜையில் இடம் அதிகமாக வேண்டும், ரயிலில் மடிப்பலகையில் வைக்க முடியாது. அல்லது விசைப்பலகையையே கனமாகச் செய்யலாம். 2020-ல் வந்த 12.9 அங்குல ஐபாட் ப்ரோவுக்கு இரண்டாம் வழியைத்தான் பின்பற்றினார்கள். விளைவு, விசையுள்ள உறை பலகையைவிடக் கனமாயிற்று. இரண்டையும் சேர்த்து நிறுத்தால், அதே கம்பெனி அப்போது விற்ற 1.29 கிலோ லாப்டாப்பைவிடக் கூடுதலாக இருந்தது. விலையோ 349 டாலர். அந்தக் கம்பெனியின் சாதாரண டாப்லெட் ஒன்றின் முழு விலையே அன்று 329 டாலர்தான். இலேசாக இருக்கிறது என்பதற்காக டாப்லெட்டை வாங்கி, அதை லாப்டாப்பாக மாற்றி, லாப்டாப்பைவிடக் கனமாகச் சுமப்பது என்ன சாமர்த்தியம் என்று எனக்குப் புரியவில்லை. சாதனம் சிறந்த சாதனம்தான். விசைகள் இன்பமாக இருக்கின்றன. ஆனால் செய்யத் தகுந்த காரியமா என்ற மூன்றாவது கேள்வியில் அது தோற்றுவிடுகிறது.

சந்தையில் கிடைக்கிற பலகைகளை மூன்று இனமாகப் பிரிக்கலாம். பலகையின் ஓரத்தில் உள்ள சிறு உலோகப் புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு, மின்சாரத்தையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிற, கம்பெனிக்காரர்களே செய்கிற உறைகள் ஓர் இனம். இவற்றுக்குப் பாட்டரி வேண்டாம், இணைக்கும் தொல்லை வேண்டாம். ஆனால் அந்த ஒரு பலகைக்குத்தான் பொருந்தும். பலகை பழுதானால் உறையும் வீண். புளூடூத் விசைகளை உள்ளே வைத்துத் தைத்த மலிவான தோலுறைகள் இரண்டாவது இனம். பார்க்க லட்சணமாக இருக்கும். பலகையின் அகலத்துக்குள் அத்தனை விசைகளையும் திணித்திருப்பார்கள். தனியாக நிற்கும் புளூடூத் விசைப்பலகை மூன்றாவது இனம். இது பலகையோடு ஒட்டுவதில்லை. பலகைக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது நாலு புத்தகங்களை அடுக்கிச் சாய்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மூன்றாவது இனத்தைத்தான் நான் சிபாரிசு செய்வேன். இது டாப்லெட்டை எதுவாகவும் மாற்றுவதாகச் சொல்லிக்கொள்வதில்லை. அதுவே முதல் யோக்கியதை. இன்னொரு யோக்கியதை, திரையும் விசையும் தனித்தனியாக இருப்பதால் திரையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தி வைத்துக்கொள்ளலாம், விசையைக் கைக்குத் தாழ வைத்துக்கொள்ளலாம். லாப்டாப்பில் இது முடியாது. அங்கே கண்ணுக்கு வசதி செய்தால் கைக்கு வலி, கைக்கு வசதி செய்தால் கழுத்துக்கு வலி. தினம் நாலு மணி நேரம் எழுதுகிறவனுக்கு இது சிறிய விஷயமில்லை. கழுத்து ஐம்பது வயதுக்கு மேல் தன் கணக்கைக் கேட்க ஆரம்பிக்கிறது. இப்படிப் பார்க்கும்போது, தனித்து நிற்கும் விசைப்பலகை டாப்லெட்டை லாப்டாப்பாக ஆக்காமல், லாப்டாப்பைவிட நல்ல எழுதுமேஜையாக ஆக்குகிறது என்றே சொல்லலாம்.

உதாரணமாக, லாஜிடெக் கம்பெனியின் கே-380 என்ற மாதிரியைச் சொல்கிறேன். ஏறக்குறைய 420 கிராம் எடை. இரண்டு சிறிய பாட்டரிக் கட்டைகளில் இரண்டு வருஷம் ஓடும் என்று கம்பெனி சொல்கிறது. மேலே மூன்று விசைகள் தனி நிறத்தில் இருக்கின்றன. ஒன்றை அழுத்தினால் டாப்லெட், இன்னொன்றை அழுத்தினால் கைப்பேசி, மூன்றாவதை அழுத்தினால் வீட்டுக் கணினி என்று ஒரே பலகை மூன்று சாதனங்களுக்கு எழுதும். குறையும் உண்டு. விசைகள் வட்டமாக இருப்பதால் சதுர விசைக்குப் பழகிய விரல் சில நாள் வழுக்கும். சிறிது நேரம் எழுதாமல் இருந்தால் பாட்டரியை மிச்சம் பிடிக்க எந்தப் புளூடூத் பலகையும் தூங்கிவிடும். எழுப்புகிறபோது முதல் எழுத்து ஒன்றிரண்டு காணாமல் போகலாம். யோசித்து யோசித்து எழுதுகிறவர்களுக்கு இது எரிச்சல் ஊட்டும், ஆனால் பழகிவிடும். வாக்கியத்தைத் தொடங்குமுன் ஷிப்ட் விசையை ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும்.

பாட்டரியைப்பற்றி ஒரு வார்த்தை. உள்ளேயே பாட்டரி வைத்து மூடி, கம்பி செருகி மின்னேற்றுகிற பலகைகள்தான் இப்போது அதிகம். மெல்லியதாக இருக்கும். ஆனால் அந்தப் பாட்டரி சில வருஷங்களில் களைத்துப்போகும். திறந்து மாற்ற வழி வைத்திருக்க மாட்டார்கள். தெருமுனைக் கடையில் வாங்கிப் போடக்கூடிய பாட்டரிக் கட்டை உள்ள பலகை கொஞ்சம் தடிமனாக இருந்தாலும் ஆயுசு அதிகம். இன்னொரு எச்சரிக்கை. கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கிற கம்பியில்லா விசைப்பலகைகள் சில புளூடூத் வகையைச் சேர்ந்தவை அல்ல. நகத்தளவு டாங்கிள் ஒன்றைக் கணினியில் செருகினால்தான் வேலை செய்யும். அந்த டாங்கிளுக்கு ஏற்ற துளை டாப்லெட்டில் இருக்காது. இடையில் ஒரு மாற்றி வாங்கிச் செருக வேண்டும். பெட்டியின்மேல் 'கம்பியில்லா' என்று மட்டும் போட்டிருந்தால் போதாது. புளூடூத் என்ற சொல்லும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் பாஷைக்காரருக்கும் பொருந்தும். தமிழில் எழுதுகிறவனுக்கு மட்டும் உரிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பலகைகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு அதைப் பற்றிக் கவலைப்பட நியாயமில்லை. தமிழில் எழுதுகிறவர்களும் அந்த அபிப்பிராயங்களை அப்படியே எடுத்துச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். என்னுடைய புகார் அவர்கள் மேல்தான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணைய மாநாடு நடந்தது. கணினியில் தமிழ் எழுத ஒரு பொதுவான விசை அமைப்பு வேண்டும் என்று அங்கே முடிவு செய்தார்கள். அதைத் தமிழ்நாடு அரசு அந்த ஆண்டே ஏற்றுக்கொண்டது. தமிழ்99 என்று அதற்குப் பெயர். அதற்கு முன்னும் நமக்கு விசை இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்து ஆர். முத்தையா சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தார். தட்டச்சுப் பயிலகங்களில் லோயர், ஹயர் தேர்வுக்குப் பழகியவர்களின் விரல்களில் பழைய தட்டச்சு முறை இன்னும் இருக்கிறது. ஆனால் தமிழ்99-ன் அழகே வேறு. பன்னிரண்டு உயிரும் இடது கையில். மெய்கள் ஏறக்குறைய எல்லாமும் வலது கையில். புள்ளியையும் சேர்த்து முப்பத்தொரு விசைகளில் தமிழ் எழுத்து அத்தனையும் அடங்கிவிடுகின்றன. ககரத்தை இரண்டு தரம் தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுகிறது. ஙகரத்துக்குப் பின் ககரம் வந்தாலும், ஞகரத்துக்குப் பின் சகரம் வந்தாலும் அப்படியே. தமிழில் எந்த மெய்க்குப் பின் எந்த மெய் வரும் என்ற இலக்கணத்தை விசைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். இதைப் பழகியவன் ரோமன் எழுத்தில் தட்டித் தமிழாக்கும் முறைக்குத் திரும்பமாட்டான்.

இப்போது விசைப்பலகையின் வலது ஓரத்தைப் பாருங்கள். ஆங்கிலப் பலகையில் அங்கே என்ன இருக்கிறது? சதுர அடைப்புக்குறிகள் இரண்டு, அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு. ஆங்கிலக்காரனுக்கு இவை அதிகம் வேண்டாதவை; அடைப்புக்குறி இல்லாமல் அவன் ஒரு நாவலையே எழுதி முடித்துவிடுவான். ஆகவே பத்து அங்குலப் பலகையின் உறைக்குள் விசைகளைத் திணிக்கவேண்டி வந்தபோது, செய்தவர்கள் எங்கே கை வைத்தார்கள்? இந்த ஓரத்தில்தான். சிலவற்றில் அடைப்புக்குறி விசைகள் பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டன. சிலவற்றில் அவை இடம் பெயர்ந்து வேறு வரிசைக்குப் போய்விட்டன. சிலவற்றில் தனி விசையே இல்லை. இன்னொரு விசையை அமுக்கிக்கொண்டு தட்ட வேண்டும்.

தமிழ்99-ல் அந்த விசைகளில் இருக்கிற எழுத்துக்கள் எவை? இரண்டு அடைப்புக்குறிகளில் சகரமும் ஞகரமும். அரைப்புள்ளியில் நகரம். மேற்கோள் குறியில் யகரம். சாய்கோட்டில் ழகரம். ஆங்கிலக்காரன் இழந்தது ஓர் அடைப்புக்குறி; தமிழன் இழந்தது சகரம். 'செய்தான்', 'சொன்னாள்' இல்லாமல் யாராவது தமிழில் கதை எழுதமுடியுமா? 'தாய்', 'நாய்', 'வாய்', 'பொய்', 'மெய்' எல்லாம் யகரத்தில் வந்து நிற்கின்றன. தமிழ் என்ற சொல்லே ழகரத்தில் முடிகிறது. அந்த ஓரம் நமக்கு மூலையில்லை; நடுக்கூடம்.

எழுத்து கிடைக்கத்தானே செய்கிறது, கொஞ்சம் தேடித் தட்டினால் போகிறது என்று சிலர் சொல்லலாம். எழுதாதவர்கள் சொல்கிற வாதம் அது. விசையில் எழுதுகிறவன் எழுத்தைத் தேடுவதில்லை, வாக்கியத்தைத் தேடுகிறான். விரல் தானாகப் போகவேண்டிய இடத்துக்குப் போனால்தான் மனசு வாக்கியத்தோடு இருக்கும். ஒவ்வொரு 'சொன்னாள்' வரும்போதும் சுண்டுவிரல் தடுமாறினால், அவள் என்ன சொன்னாள் என்பது மறந்துபோகிறது. ஒரு பக்கத்தில் இருபது தடவை இப்படி நேர்ந்தால் அன்றைய எழுத்து அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், பேரன் வாங்கிக் கொடுத்த தோலுறைப் பலகையில் ஒரு மாதம் போராடிவிட்டு, "எனக்கு வயசாகிவிட்டது, ஐயா, விரல் வரமாட்டேன் என்கிறது" என்று நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிட்டார். அவர் விரலில் ஒரு குற்றமும் இல்லை. முழு அளவுப் பலகை ஒன்றைக் கொடுத்தபோது அதே விரல் ஒழுங்காகத்தான் ஓடியது. சாதனத்தின் குற்றத்தை மனிதன் தன் முதுமையின்மேல் போட்டுக்கொள்கிறான் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

விசையின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு விசையின் நடுவிலிருந்து பக்கத்து விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர் என்பது முழு அளவுப் பலகைகளில் பொதுவாக உள்ள இடைவெளி. பதினோரு அங்குலத்துக்குக் குறைந்த டாப்லெட்டின் அகலத்துக்குள் இந்த அளவில் எல்லா விசையும் அடங்குவது கடினம். ஏதாவது ஒன்று சுருங்கியே தீரும். ஆகவே சிறிய பலகைக்கு அதே அகலத்தில் உறைவிசை வாங்குகிறவர் சுருங்கிய ஓரத்தையும் சேர்த்தே வாங்குகிறார். தனிப் பலகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை; டாப்லெட் எட்டு அங்குலமாக இருந்தாலும் விசைப்பலகை தன் இயல்பான அகலத்தில் இருக்கலாம். நான் மூன்றாவது இனத்தைச் சிபாரிசு செய்ததற்கு இதுவே பிரதான காரணம்.

இன்னொரு சங்கடம் செயலியில் இருக்கிறது. திரையில் தோன்றும் விசைப்படத்தில் தமிழ் அழகாக வருகிறதே என்று நம்பி விசைப்பலகையை இணைத்தால், பலருக்கு ஆங்கிலம்தான் வருகிறது. திரை விசையும் வெளி விசையும் சாதனத்துக்கு இரண்டு வேறு விஷயங்கள். திரைமேல் 'அம்மா' என்பதை ரோமன் எழுத்தில் தட்டினால் தமிழாக்கித் தருகிற செயலிகளில் பல, வெளி விசைப்பலகை இணைந்தவுடன் பேசாமல் ஒதுங்கிக்கொள்கின்றன. வெளி விசைக்கும் தமிழ் அமைப்பு உண்டா, அது தமிழ்99-ஆ, பழைய தட்டச்சா, ஒரு விசையால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறமுடிகிறதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன் பார்த்துவிட வேண்டும். கடைக்கு டாப்லெட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கேயே இணைத்து, 'மஞ்சள் வெயிலில் நாய் எழுந்து சோம்பல் முறித்தது' என்று அடித்துப் பாருங்கள். ஓரத்து எழுத்து ஐந்தும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கின்றன. விரல் தடுக்காமல் வந்தால் வாங்கலாம். மஞ்சளிலேயே தடுக்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

டச்பேட் வேண்டுமா என்று கேட்கிறார்கள். திருத்தி எழுதாதவர்களுக்கு வேண்டாம். அப்படிப்பட்டவர்கள் எழுதியதைப் படிக்கவும் வேண்டாம். திருத்துகிறவர்களுக்கு, கையைத் தூக்கித் திரையைத் தொட்டுத் தொட்டுச் சொல்லைப் பிடிப்பது பத்து நிமிஷத்தில் அலுத்துவிடும். ஆனால் அதற்காக உறைக்குள் பதித்த சின்ன டச்பேடுக்கு மிகுந்த பணம் கொடுக்க வேண்டியதில்லை. 2020-லிருந்து ஐபாடும் மௌஸை முறையாக ஏற்கிறது. ஆண்ட்ராய்டு பலகைகள் அதற்கு வெகு முன்பிருந்தே ஏற்றுக்கொள்கின்றன. சாதாரணப் புளூடூத் மௌஸ் ஒன்று போதும். அதைவிட முக்கியம் நாலு திசை அம்பு விசைகள். ஷிப்டோடு அவற்றைச் சேர்த்துத் தட்டினால் சொல்லையும் வரியையும் பிடிக்கலாம், வெட்டலாம், நகர்த்தலாம். மேல், கீழ் அம்புகளை அரை விசையாக நசுக்கிவைத்த பலகைகளைத் தவிர்ப்பது நல்லது.

"வாயால் சொன்னாலே எழுதிக்கொள்கிறதே, விசை எதற்கு?" என்ற கேள்வியும் வரும். கடிதத்துக்கும் குறிப்புக்கும் அது உதவும். ஆனால் பேச்சு வேறு, எழுத்து வேறு. பேசுகிறவன் முன்னே போய்க்கொண்டே இருக்கிறான். எழுதுகிறவன் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான். வாயால் சொல்லி எழுதிய உரைநடையில் ஒரு மேடை ஓசை வந்து ஒட்டிக்கொள்கிறது. நம் எழுத்தில் அந்த ஓசை ஏற்கனவே வேண்டிய மட்டும் இருக்கிறது.

ஆகவே கேட்கிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். கணக்கு வைத்துக்கொள்ளவும், இரண்டு மூன்று கோப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவும், கல்லூரி சொல்கிற மென்பொருளைப் போடவும் வேண்டியவர்கள் விசைப்பலகை வாங்கி டாப்லெட்டை மாற்ற முயல வேண்டாம். சில டாப்லெட்டுகளில் ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும் வசதியும் உண்டு. சாம்சங் தன் டெக்ஸ் முறையை 2018-லேயே டாப்லெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பெண்ணுக்கு நல்ல நிலையில் உள்ள பழைய லாப்டாப் ஒன்றை வாங்கிக் கொடுப்பதுதான் உபகாரம். தாத்தாவின் விஷயம் வேறு. அவருக்கு வேண்டியது ஒரு காகிதமும் ஒரு பேனாவும். டாப்லெட் நல்ல காகிதமாக இருக்கும். பேனாவாக, ஓரம் சுருங்காத, சகரமும் யகரமும் ழகரமும் முழு விசையாக உள்ள தனிப் பலகை ஒன்றை இரண்டாயிரம் மூவாயிரத்துக்குள் வாங்கிக் கொடுங்கள். முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டும் வாங்குங்கள். எழுதுகிற நேரத்தில் அறிவிப்புகள் வந்து கதவைத் தட்டாதபடி நிறுத்திவைக்கவும் கற்றுக்கொடுங்கள்.

விசைப்பலகை செய்கிற கம்பெனிகள் நம்முடைய ழகரத்தை நினைத்து வரைபடம் போடப் போவதில்லை. இத்தனை கோடிப் பேர் பேசுகிற பாஷைக்கு அது பெருமையில்லைதான். ஆனால் ஓரம் சுருங்கிய பலகைகளைத் தமிழர்கள் வாங்க மறுத்தால், கடைக்காரருக்காவது காரணம் தெரியும். அவர் கேட்கும்போது 'சகரம் சரியாக இல்லை' என்று சொல்லிவிட்டு வாருங்கள்.